பன்னிரண்டாவது கரண்டி

இந்தப் பிப்ரவரியில் தவுனோவைத் தோற்கடித்தே தீருவது என்று தீர்மானித்தேன்.

தவுனோ எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். பிப்ரவரி மூன்றாம் சனிக்கிழமை எங்கள் ஏரியில் ட்ரவுட் மீன் பிடிக்கும் போட்டி. காலை எட்டிலிருந்து பிற்பகல் மூன்று வரை. பனிக்கட்டியில் துளை போட்டு உட்கார வேண்டும். யார் மீன் அதிக எடையோ அவருக்குக் கோப்பை. ஆறு வருஷமாகக் கோப்பை தவுனோ வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஆறு முறையும் நான் இரண்டாவது. வித்தியாசங்களைக் கூட்டிப் பார்த்தேன். ஆறு வருஷத்துக்கும் சேர்த்து மூன்று பவுண்டு இரண்டு அவுன்ஸ். ஒரு நடுத்தரக் கோழி. ஒரு கோழிக்காக ஒரு மனிதன் ஆறு வருஷம் தலைகுனிந்து நடப்பது அதிகம்.

என்னிடம் பொய் இரைகள் நூற்று நாற்பத்து மூன்று உண்டு. ஏழு பெட்டிகள். தவுனோவிடம் நான்கு. அதுவும் ஒரு பழைய புகையிலை டப்பாவில், புகையிலைத் தூளோடு.

நான் படித்தது ஆறாம் வகுப்பு. அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷம் மரம் வெட்டும் முகாம். எண்ணாத மரம் வெட்டாத மரம் என்பார்கள் அங்கே. அந்தப் பழக்கத்தில் முப்பத்தொரு வருஷமாக மீனுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, ஆழம், காற்று, எந்த எண் இரை, எவ்வளவு நேரம் காத்திருந்தேன், எடை, வைத்துக்கொண்டேனா திருப்பி விட்டேனா. பொய்யாக ஒரு வரி கிடையாது. பிடிபடாத நாளுக்கும் ஒரு வரி உண்டு. அந்த வரிகள்தான் நிறைய.

எங்கள் ஏரியில் எண்பது பேர் மீன் பிடிக்கிறார்கள். எண்பது கொள்கைகள். ஈயத் தலையில் மாட்டிய வெள்ளை ரப்பர் குழாயைத் தவிர வேறெதையும் ட்ரவுட் தொடாது என்பவர் உண்டு. மேகம் போட்டால் பச்சைப் புள்ளித் தகடு, வெயிலடித்தால் செம்புத் தகடு என்பவர் உண்டு. மான்வால் முடி கட்டிய ஈயம்தான் என்று சத்தியம் செய்கிறவர், மான் வேட்டைக்கும் போகிறவர். மீனுக்கு மட்டும் கொள்கை கிடையாது. அது பசித்தால் தின்கிறது.

இரைக் கடைக்காரர் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு புது நிறம் கொண்டுவருவார். போன வருஷத்து நிறம் மீன்களுக்கு அலுத்துவிட்டது என்பார். மீன்கள் அவரிடம் எப்போது வந்து சொல்லின என்று நான் கேட்டதில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். எனக்குக் கூச்ச சுபாவம்.

ஆனால் என் நோட்டு சொல்வது வேறு. நூற்று நாற்பத்து மூன்றில் ஒன்றே ஒன்றுதான் உண்மையில் மீன் பிடிக்கிறது. எண்பத்தெட்டாம் எண். மற்றவை நான்கு மணி நேரத்துக்கு ஒரு மீன் என்றால், எண்பத்தெட்டு இரண்டரை மணி நேரத்துக்கு ஒன்று. கவலை என்னவென்றால், அதை நான் வெளியே எடுப்பது அபூர்வம். காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

எண்பத்தெட்டாம் எண் என் மனைவி சைமியின் காபிக் கரண்டி.

சைமியின் அம்மா பின்லாந்திலிருந்து கப்பலேறியபோது மடியில் கட்டிக்கொண்டு வந்தது ஒரு டஜன் வெள்ளிக் கரண்டி. ஒவ்வொன்றின் குழிவிலும் ஒரு பூ, இரண்டு இலை. பத்தொன்பது வருஷத்துக்கு முன், ஒரு குளிர்காலத்தில், காபி கலக்கும்போது அதன் மினுமினுப்பைப் பார்த்தேன். அடிபட்ட குட்டி மீன் புரளுவதுபோல் இருந்தது. அவ்வளவுதான். கைப்பிடியை அறுத்தேன். இரண்டு பக்கமும் துளை போட்டேன். ஒன்றில் நூல், மற்றதில் மூன்று முனைக் கொக்கி. அந்த வாரம் சைமியின் அக்கா ஹெல்வி எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். அவள் போன மறுநாள் சைமி கரண்டிகளை எண்ணினாள். பதினொன்று.

பழி ஹெல்விமேல் விழுந்தது. அவள் பிறகு எங்கள் வீட்டு வாசல்படி ஏறவில்லை. நாற்பது நிமிஷ தூரத்தில் நகரத்தில்தான் இருக்கிறாள். பத்தொன்பது வருஷம். நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. சும்மா இருந்தேன்.

போட்டிக்கு ஆறு நாள் முந்தி, ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் சைமி என்னிடம் மீனைப் பற்றிக் கேட்டாள். கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் முதல்முறை. அப்போதே நான் எச்சரிக்கையாகியிருக்க வேண்டும்.

"கிழவா, இந்த ட்ரவுட்டை எப்படித்தான் பிடிக்கிறது?"

சந்தோஷத்தில் எனக்கு நாக்கு குழறியது. ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்து மேஜைமேல் நகர்த்திக் காட்டினேன்.

"இதுதான் இரை. அடிமட்டம்வரை இறக்கணும். அப்புறம் ஒரு முழம் தூக்கணும், விடணும். தூக்கணும், விடணும். மீன் தூரத்துலேர்ந்து பாத்துட்டு வரும்."

"வந்து கடிச்சிடுமா?"

"அங்கதான் சங்கடம். பக்கத்துல வந்து நின்னு முறைச்சுப் பாக்கும். நாம அப்படியே வெச்சிருந்தா, பாத்துட்டுத் திரும்பிப் போயிடும்."

"அப்ப என்ன பண்றது?"

"பிடுங்கிடணும்." சர்க்கரைக் கட்டியை வெடுக்கென்று இழுத்தேன். "வேகமா மேல சுத்தணும். கிடைக்காமப் போயிடுமோன்னு அதுக்கு வெறி வந்துடும். துரத்திட்டு வந்து கவ்வும். கொஞ்சம் நிறுத்தினா ஆறிப்போயிடும். நிறுத்தவே கூடாது."

"அவ்வளவு முட்டாளா அது?"

"சின்ன மீன் அப்படிப் பண்ணாது. பெருசுதான் பண்ணும். வயசானது."

"ஓ," என்றாள் சைமி. சர்க்கரைக் கட்டியை என் கையிலிருந்து வாங்கித் தன் காபியில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. அவள் கரண்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கிழவா, சனிக்கிழமை ஹெல்வி வர்றா."

"எந்த ஹெல்வி?"

"எனக்கு எத்தனை அக்கா?"

"ஒண்ணு."

"அப்ப அந்த ஒண்ணுதான். எழுபது வயசு முடியுது. இங்க காபி வெக்கிறேன். ஒரு மணிக்கு. எங்களோட சேத்துப் பன்னிரண்டு பொம்பளைங்க."

"சனிக்கிழமை போட்டி இருக்கே."

"தெரியும். நீ போ."

போட்டிக்குப் போக ஏழு சாக்கு தயாராக வைத்திருந்தேன். ஒன்றுகூடச் செலவாகவில்லை. அந்தக் குழப்பத்தில் வாய் தவறிவிட்டது.

"கரண்டி பதினொண்ணுதானே இருக்கு?"

"பன்னிரண்டாவதை ஹெல்வி கொண்டுவர்றா."

"எதை?"

"அந்தக் கரண்டியைத்தான். போன்ல ஒத்துக்கிட்டா. அவதான் எடுத்துட்டுப் போனாளாம். போகட்டும், அக்காதானேன்னு மன்னிச்சுட்டேன்."

நான் எழுந்து நிலவறைக்குப் போனேன். நான்காம் பெட்டி, இரண்டாம் தட்டு, கம்பளித் துணிச் சுருள். பிரித்துப் பார்த்தேன். எண்பத்தெட்டு அங்கேதான் இருந்தது. பூவும் இரண்டு இலையும்.

அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. பன்னிரண்டில் ஒன்று போனால் பதினொன்று. என்னிடம் ஒன்று. ஹெல்வியிடம் ஒன்று. பதின்மூன்று. உலகத்தில் பன்னிரண்டே செய்த பொருளில் பதின்மூன்று எங்கிருந்து வரும்? ஹெல்வி ஏன் செய்யாத திருட்டை ஒத்துக்கொள்கிறாள்? கடையில் வாங்கி வருகிறாளா? அப்படியானால் பூ இருக்குமா? பூ இருந்தாலும் இலை இரண்டா, மூன்றா? கணக்கு தப்பினால் எனக்குத் தூக்கம் வராது. முகாமில் ஒருமுறை ஒரே ஒரு மரம் கூடுதலாக வந்ததற்கு நானூறு மரங்களை மறுபடி எண்ணியவன் நான்.

செவ்வாய்க்கிழமை மெல்லக் கேட்டேன்.

"அந்தக் கரண்டியை வந்ததும் எனக்கு ஒரு தரம் காட்டுவியா?"

"எதுக்கு?"

"சும்மா. பாக்கத்தான்."

"பாத்து என்ன ஆகப்போகுது? நீ ஏரியில இருப்ப."

புதன்கிழமை நானே இறங்கி வந்தேன்.

"வேணும்னா ஒரு மணிக்கு வந்து, ஹெல்விக்கு வாழ்த்து சொல்லிட்டுப் போறேன்."

"வேண்டாம். ஆம்பிளைங்க யாரும் வரக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்கோம்."

"ஒரே நிமிஷம்."

"அரை நிமிஷம்கூட இல்ல."

வியாழக்கிழமை அவளே ஆரம்பித்தாள். "அந்தக் கரண்டியை ஹெல்வியே வெச்சுக்கட்டும்னு சொல்லிட்டேன். காபி குடிச்சதும் திரும்ப எடுத்துட்டுப் போயிடுவா."

"போயிடுவாளா? எப்ப?"

"ரெண்டு மணிக்கு. அவ மக வண்டியில."

"அப்புறம் அது இங்க வராதா?"

"வராது."

வெள்ளிக்கிழமை நான் எதுவும் கேட்கவில்லை. அவள் சொன்னாள்: "ஒண்ணே முக்காலுக்கே கிளம்பிடுவாளாம். பனி வருதாம்."

நூற்று நாற்பத்து மூன்று இரை வைத்திருப்பவனுக்கு இது என்னவென்று புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. தண்ணீருக்குள் இருப்பவனுக்கு நூல் தெரிவதில்லை.

சனிக்கிழமை, பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நான்கு. அறுபத்திரண்டு அடி ஆழத்துக்கு மேலே என் துளை. இருபது அடி தள்ளி தவுனோவின் துளை. அவன் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து வெள்ளை ரப்பர் குழாயை ஆட்டிக்கொண்டிருந்தான். தூக்குவதற்கும் விடுவதற்கும் ஒரு கணக்கும் இல்லை. நடுவில் மூக்கு வேறு சிந்துவான்.

"என்ன வில்ஹோ, இன்னைக்கு எந்தப் பெட்டி?"

"நாலாவது."

"மீன்கிட்ட சொல்லிட்டியா?"

எண்பத்தெட்டை இறக்கினேன். இந்த ஒரு நாள் அதை வைத்து அவனை ஜெயித்துவிட்டால், பிறகு அதை ஏரியிலேயே விட்டுவிடுவதாக முடிவு. தடயமும் போகும், கோப்பையும் வரும்.

பதினோரு மணிக்குத் தவுனோவுக்கு ஒரு மீன். ஏழு பவுண்டு.

"சின்னது," என்றான். "உன்னோடதுக்குத் துணைக்கு வெக்கலாம். எங்க உன்னோடது?"

பன்னிரண்டே முக்காலுக்கு என் ஆழமானியின் திரையில் அடிமட்டத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. என் மருமகன் கொடுத்த கருவி. மீன் பெரிதாக இருந்தால் கோடு தடிமனாக வரும். இது என் கட்டைவிரல் தடிமன். முப்பத்தொரு வருஷத்தில் அப்படிக் கோடு நான் பார்த்ததில்லை. மேலே வந்தது. எண்பத்தெட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. முறைத்துப் பார்த்தது.

நான் செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். ஆனால் என் கண் கடிகாரத்தில் இருந்தது. வீட்டுக்குச் சறுக்குவண்டியில் இருபத்திரண்டு நிமிஷம். இப்போது கிளம்பினால் ஒன்று ஏழு. ஒன்றே முக்காலுக்கு ஹெல்வி கிளம்பிவிடுவாள். அந்தக் கரண்டி இனி வராது. பதின்மூன்று பதின்மூன்றாகவே என்னோடு கல்லறைக்கு வரும்.

விறுவிறுவென்று நூலைச் சுற்றினேன். மேலே, மேலே, துளைக்கு வெளியே. எண்பத்தெட்டை நூலிலிருந்து கழற்றினேன். பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு மாதிரி வேண்டுமல்லவா? கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

"எங்கய்யா ஓடுற?" என்றான் தவுனோ.

"ஒரு சின்னக் கணக்கு."

"உன் துளையை யாராவது எடுத்துக்கிட்டா?"

"நீதான் பாத்துக்கணும்."

எங்கள் பக்கத்து முதியவர்கள் பனியில் ஓட்டுவது நின்றபடி உதைத்துப் போகும் சறுக்குவண்டி. ஒரு கால் சட்டத்தில், ஒரு கால் தரையை உதைக்க. நான் உதைத்தேன். எழுபத்து நான்கு வயதில் பத்தொன்பது நிமிஷத்தில் வந்து சேர்ந்தேன். அது என் சாதனை. நோட்டில் எழுதும் வகையான சாதனை இல்லை.

திட்டம் எளிது. ஜன்னல் வழியே எண்ணுவது, பூவைப் பார்ப்பது, திரும்புவது. ஆனால் பன்னிரண்டு பெண்களும் ஒரு பானைக் காபியும் சேர்ந்து ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி. ஒன்றும் தெரியவில்லை. கதவைத் திறந்தேன்.

பேச்சு நின்றது. மேஜைமேல் ஏலக்காய் ரொட்டி. அதைச் சுற்றி ஆறு வகைப் பலகாரம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்குப் பெண்கள் கூட்டமென்றால் காது சிவந்துவிடும்.

"பிளாஸ்க் மூடி தொலைஞ்சுபோச்சு," என்றேன்.

நான் எண்ண ஆரம்பித்தேன். சாசர் சாசராக. ஒன்று, இரண்டு, மூன்று. அடுப்புப் பக்கம் முடித்து ஜன்னல் பக்கம் வந்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டாவது சாசர் ஹெல்வியுடையது. அதில் கரண்டி இல்லை. அவள் காபி ஆறிக்கொண்டிருந்தது.

"உங்க கரண்டி எங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"அதுக்குத்தான் காத்துட்டிருக்கேன்," என்றாள் ஹெல்வி.

சைமி எழுந்தாள். எங்கள் வீட்டில் அவள் என்னை 'நீ' என்றால் வானம் தெளிவாக இருக்கிறது. 'நீங்க' என்றால் பனிப்புயல்.

"கோட்டுப் பையில என்ன வெச்சிருக்கீங்க?" என்றாள்.

கையைப் பைக்குள் விட்டேன். மறைக்கவா எடுக்கவா என்று எனக்கே தெரியாது. மூன்று முனைக் கொக்கி. ஒரு முனை பையின் உள்துணியில் மாட்டியது. ஒரு முனை சைமி பின்னிய கம்பளிக் கையுறையில் மாட்டியது. மூன்றாவது என் கட்டைவிரலில். இழுத்தேன். இறங்கியது. மறுபடி இழுத்தேன். இன்னும் இறங்கியது.

"துள்ளாதீங்க," என்றாள் சைமி. "துள்ளினா இன்னும் ஆழமாப் போகும். அக்கா, அலமாரி மேல குறடு இருக்கு."

ஹெல்வி குறட்டைக் கொண்டுவந்தாள். பத்தொன்பது வருஷம் கழித்து என் முகத்துக்கு நேரே நின்றாள். அவசரப்படவில்லை. பத்துப் பெண்கள் பலகாரத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்கள்.

"வெக்கத்துல வலி தெரியலையா, வில்ஹோ?" என்றாள் ஹெல்வி.

"தெரியுது."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

கொக்கி வெளியே வந்தது. அதன் பின்னால் பூவும் இரண்டு இலையும் வந்தன.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று சைமியைக் கேட்டேன்.

"போன மாசம். ரொட்டி அளவு எழுத ஒரு தாள் தேடினேன். உங்க நோட்டு கிடைச்சுது. 'எண்பத்தெட்டு. வெள்ளி. காபிக் கரண்டி. கைப்பிடி நீக்கியது.' தேதி வேற போட்டிருக்கீங்க."

"எனக்குப் பொய் எழுத வராது."

"பத்தொன்பது வருஷம் சும்மா இருக்க வந்துதே."

நான் தரையைப் பார்த்தேன். காலணியிலிருந்து பனி உருகிக்கொண்டிருந்தது.

"ஹெல்வி," என்றேன். "நான்தான் எடுத்தேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

பன்னிரண்டு பேர் முன்னால் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. ஹெல்வி நாற்காலிக்குத் திரும்பினாள்.

"என்கிட்டயே நேரா கேட்டிருக்கலாமே, சைமி?"

"கேட்டா பக்கத்துல வந்து முறைச்சுப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருப்பீங்க. நீங்கதானே சொன்னீங்க?"

சைமி எண்பத்தெட்டைக் கழுவி, கொக்கியைக் கழற்றி, அக்காவின் சாசரில் வைத்தாள். ஹெல்வி அந்த மொட்டைக் கரண்டியை இரண்டு விரலால் பிடித்துச் சர்க்கரை அள்ளினாள். துளை வழியாகப் பாதி கொட்டியது. மறுபடி அள்ளினாள். மறுபடி கொட்டியது.

"காபி கலக்க ஆகாது, சைமி. மீன்தான் பிடிக்கும் போல."

"பிடிச்சுதே," என்றாள் சைமி.

சகோதரிகள் இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒரே மாதிரிச் சிரிப்பு. அந்த வீட்டில் அது இரண்டு குரலில் கேட்டு வெகு காலமாகிவிட்டது. நான் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பனி வரவில்லை. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

ஏரிக்குத் திரும்பியபோது இரண்டு பன்னிரண்டு. என் துளையைச் சுற்றிக் கூட்டம். தவுனோ முழங்காலிட்டிருந்தான். அவன் பக்கத்தில் கிடந்த மீனை எடை போடும் முன்பே எனக்கு எடை தெரியும். கட்டைவிரல் தடிமன்.

"பத்தொன்பது பவுண்டு," என்றான். "நீ பாத்துக்கச் சொன்னியேன்னு சும்மா என் வெள்ளைக் குழாயை உன் துளையில விட்டேன்யா. அடிமட்டத்துக்கே போகல. அதுக்குள்ள பாஞ்சு வந்து கவ்விடுச்சு. நீ அப்படி என்னத்தப் பிடுங்கிட்டுப் போன? அதுக்கு வெறியே வந்துடுச்சு."

"காபிக் கரண்டி," என்றேன். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"சொல்ல இஷ்டம் இல்லன்னா விடு," என்றான் தவுனோ.

ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டை எடுத்தேன். சனிக்கிழமைக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்று எழுத வேண்டும். ஆனால் அந்த வரி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. சைமியின் கையெழுத்து. என் முறைப்படியே, ஒரு கட்டமும் விடாமல்.

ஆழம்: சமையலறை. காற்று: அடுப்புப் பக்கத்திலிருந்து. இரை: இல்லாத கரண்டி. காத்திருந்த நேரம்: ஐந்து நாள். எடை: இருநூறு பவுண்டு, காலணியோடு. திருப்பி விடத்தான் நினைத்தேன். நீராவிக் குளியல் சவுனாவுக்கு விறகு பிளக்க ஆள் இல்லை என்பதால் வைத்துக்கொண்டேன்.